காக்காய்க்கு ஒரு சின்ன இலை

பேராக் ஆற்றில் நான் ஒரு முதலையைக் கழுத்தை நெரித்துக் கொன்றதாகச் சொல்கிறார்கள். எனக்கு அது நினைவில்லை. அது நடக்கவில்லை என்பது ஒரு காரணம். நிம்மதி வாரியத்தின் இயந்திரம் அதை என் தலையிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது என்பது இன்னொரு காரணம். நடந்தவை அத்தனையும் எனக்கு நினைவிருக்கின்றன. நடக்காத ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். ஈப்போவில் இப்படிப்பட்ட ஆள் நான் ஒருவன்தான் இருப்பேன்.

என் பெயர் ராமையா. கோழிக்கொண்டைத் தோட்டத்தில் லாரி ஓட்டினேன். தோட்டத்துக்கு ஓர் ஆங்கிலப் பெயரும் உண்டு. அதைச் சொல்வதற்கு நாக்கை மூன்றாக மடிக்க வேண்டும். முதலில் வந்த வெள்ளைக்காரத் துரைக்குத் தலைமயிர் சிவந்து, நட்டுக்கொண்டு நிற்குமாம். அதைப் பார்த்து எங்கள் ஆட்கள் வைத்த பெயர்தான் நிலைத்தது. சித்தியவானுக்குப் போகிற பாதையில் உள்ளே திரும்ப வேண்டும். முதலில் கித்தா என்கிற ரப்பர் மரங்களை வெட்டி, எண்ணெய்க்குச் செம்பனை போட்டார்கள். பிறகு செம்பனையையும் சாய்த்தார்கள். கடைசியில் லயத்து வீடுகளில் மிச்சமிருந்த எங்களைக் கூப்பிட்டு, ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் சுண்ணாம்புமலை அடிவாரத்தில் வரிசை வீடு தருகிறோம் என்றார்கள். ஒரே நிபந்தனை. சாவி வாங்குமுன், தோட்டத்தில் பட்டதிலேயே பெரிய வலி எதுவோ அதை வாரியத்தில் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

"பழைய வலியோடு புது வீட்டுக்குள் போனால் சுவரில் விரிசல் விடும்" என்று ஒருவர் மேடையேறி விளக்கினார். எங்கள் ஆட்கள் தலையாட்டினார்கள். புது வீட்டுக்குப் பழைய துடைப்பத்தைக் கொண்டுபோகக் கூடாது என்று தலைமுறை தலைமுறையாக நம்புகிறவர்களுக்கு இதை நம்புவது பெரிய காரியமில்லை.

முறை இதுதான். நாற்காலியில் உட்காரவைத்துச் சோற்றுக் குண்டான் மாதிரி ஒன்றைத் தலையில் கவிழ்ப்பார்கள். அதிலிருந்து ஒரு கம்பி கிளம்பி ஒரு பெட்டிக்குப் போகும். பெட்டியில் கண்ணாடி போட்டு ஓர் ஊசி. எதை நினைக்கும்போது ஊசி அதிகமாகத் துள்ளுகிறதோ, அதை உருவி எடுத்துவிடுவார்கள்; தோட்டத்தில் பார்த்த மற்றவர் துக்கமும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். நாங்கள் அதை ஊசிப்பெட்டி என்போம். எடுத்த நினைவுகளைக் கமுந்திங் தொழிற்பேட்டையில், உறைந்த மீன் வைக்கிற குளிர்கிடங்கில் அடுக்கிவைத்தார்கள். ஒரு தடவை அங்கே மின்சாரம் நின்று கொஞ்சம் கசிந்துவிட்டது. பக்கத்தில் இருக்கிற தைப்பிங் முழுக்க ஆட்கள் காரணமில்லாமல் அழுதார்கள். தைப்பிங்கில் எந்த நேரமும் மழை என்பதால் யாரும் கவனிக்கவில்லை.

என் முறை வந்தபோது பெட்டியைப் பார்த்துக்கொண்டது தக்ஷாயினி என்கிற அதிகாரி. இலங்கைத் தமிழ்க் குடும்பம்; அப்பாவும் அரசாங்க வேலை பார்த்தவர். பொறுமையான பெண்; புவான் என்று மரியாதையாகக் கூப்பிடுவோம். தோட்டத்தைப் பற்றி நினைக்கச் சொன்னாள். நினைத்தேன். ஊசி துள்ளியது. உருவி எடுத்துப் பார்த்தால் முதலை.

"ஐயா, நீங்கள் எப்ப முதலையோட சண்டை போட்டீங்கள்?" என்றாள்.

"எந்த முதலை, புவான்?" என்றேன். அதற்குள் அது போய்விட்டிருந்தது.

பொய்யும் நிஜமும் கலந்து கிடக்கிற தலையில் இயந்திரம் வேலை செய்யாது என்று என்னைத் தள்ளிவிட்டார்கள். அதனால் எனக்கு வீடும் இல்லை, மறதியும் இல்லை. ஜெயபாலன் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறையில் இருக்கிறேன்.

ஜெயபாலன் தோட்டத்தில் ரப்பர்ப் பாலை ஷீட்டாக உருட்டுகிற மெஷினில் வேலை செய்தவன். அதன் உருளைகளுக்கு நடுவே அவனுடைய இரண்டு விரல்கள் போயின. அதைத்தான் வாரியத்தில் கொடுத்தான். விரல்கள் எங்கே என்று இப்போது கேட்டால், "பொறக்கும்போதே இப்படித்தான்லா, அதிர்ஷ்டக் கை" என்பான். லாட்டரி நம்பர் கேட்டு அந்தக் கையைத் தொட்டுக் கும்பிடுகிறவர்கள்கூட இருக்கிறார்கள். ஆனால் கடைத்தெருவில் கரும்புச் சாறு பிழிகிற மெஷினைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவான். கேட்டால், கரும்பு உடம்புக்குச் சூடாம்.

தாமான் என்கிற இந்தக் குடியிருப்பு முழுக்க இப்படித்தான். எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். ஒவ்வொருவரும் எதையோ ஒன்றைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

எல்லோரையும்விடச் சந்தோஷமானவள் பக்கத்து வீட்டுக் காளியம்மா. எந்நேரமும் பாட்டு. மீன் கறி வைத்தால் எனக்கு ஒரு கிண்ணம் வேலிக்கு மேலே வரும். "அண்ணே, புளி தூக்கலா இருக்கு, பொய் சொல்லாம தின்னுட்டுச் சொல்லு" என்பாள். அவள் வீட்டில் பெயர்த்தாள் ஒட்டாத போத்தல் ஒன்றுகூட இருக்காது. பெருநாளுக்கு வருகிறவர்கள் ஆரஞ்சுக் கலர்த்தண்ணி வாங்கி வந்தால், அவர்கள் வாசலைத் தாண்டுமுன் சாக்கடையில் கொட்டிவிடுவாள். "அந்தக் கலரு கண்ணு கூசுதுண்ணே." அவ்வளவுதான் காரணம்.

அவள் எதைக் கொடுத்துவிட்டு வந்தாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்த ஆள் இப்போது நான் ஒருவன்தான்.

காளியம்மா தோட்டத்தில் புல்லுக்கு மருந்து அடிக்கிற வேலை செய்தாள். லயத்துக்குப் பின்னால் புல் இடுப்பளவு மண்டி, பாம்பு வருகிறது என்று, ஒருநாள் ஸ்டோரிலிருந்து கொஞ்சம் மருந்து ஊற்றிக்கொண்டு வந்தாள். வேறு போத்தல் கிடைக்கவில்லை. ஆரஞ்சுக் கலர்த்தண்ணி போத்தலில் ஊற்றிப் படிக்கட்டுக்குக் கீழே வைத்தாள். அவளுக்கு ஒரு மகன் இருந்தான். தர்மேந்திரன். இன்னும் பள்ளிக்கூடம் போக ஆரம்பிக்காத வயசு. அன்றைக்கு வெயில் அதிகம்.

நான்தான் லாரியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அந்த மருந்து உடனே கொல்லாது. வாயை வேகவைக்கும், பிறகு நெஞ்சுக்குள் இறங்கி மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கும். சில நாள் இருந்தான். பிள்ளைகளை எரிப்பதில்லை என்பதால் தோட்டத்து இலவ மரத்தடியில், மற்றப் பிள்ளைகளைப் புதைத்த மேட்டில் புதைத்தோம். காளியம்மா அதற்குப் பிறகு வருஷக்கணக்காகத் தூங்கவில்லை. தூங்கினாலும் கையை விரித்து எதையோ தட்டிவிடுவது போல எழுந்து உட்காருவாள். அவள் புருஷன் குடித்தே செத்தான். வாரியம் வந்தபோது முதல் ஆளாகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தவள் அவள்தான். வெளியே வந்தபோது பாடிக்கொண்டு வந்தாள். நான் யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை.

இப்படி இருக்கும்போது ஒரு தீபாவளிக்கு முந்திய மாசத்தில், தாமான் மண்டபத்து வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். கோழிக்கொண்டைத் தோட்டத்தைத் தோண்டிச் சமப்படுத்தப் போகிறார்கள். போனில் தட்டி வாங்குகிற செருப்புகளை அடுக்கிவைக்க ஒரு பெரிய கிடங்கு. அந்த நிலத்தில் தங்கள் ஆட்களைப் புதைத்திருப்பதாகச் சொல்கிறவர்கள், தீபாவளி கழிந்து மண்டபத்தில் நடக்கிற விசாரணைக்கு வரலாம். ஆனால் வெறும் வாய்ப்பேச்சு செல்லாது. ரத்த உறவாக இருக்க வேண்டும். இறந்தவரை நினைக்கும்போது ஊசி துள்ள வேண்டும். நினைத்தால் வலிக்கிற ஓர் உறவாவது இருந்தால் அது புதைகாடு, மண் தோண்டுகிற இயந்திரம் தொடாது. இல்லையென்றால் அது மேடு.

வலியை முதலில் வாங்கிக்கொண்டு, பிறகு வலிக்கிறதா என்று கேட்கிறார்கள். நான் சொல்லுகிற கதைகளில்கூட இவ்வளவு நேர்த்தி இருந்ததில்லை.

மறுநாள் கோப்பிக் கடையில் ஜெயபாலனைப் பிடித்தேன்.

"ஜெயா, எலவ மரத்துக்கிட்ட ஒரு மேடு இருந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

"எந்த மேடு?"

"புள்ளைங்களப் பொதச்ச மேடு."

ரொட்டியைக் கோப்பியில் நனைத்தான். "அது கரையான் புத்துலா. பாம்பு இருக்கும்னு நாங்க கிட்டக்கூட போறதில்ல."

"ஒங்க அக்கா புள்ளயும் அங்கதான்டா கெடக்கு."

"இந்தக் கதைக்கு அந்த மொதலக் கதையே தேவலாம்ண்ணே. அத ஏன் இப்பல்லாம் சொல்றதில்ல? அழுவுற புள்ளகூட வாய மூடிக்கும்."

"நான் சொல்லுவேனா?"

"தோட்டத்துல பாதிப் புள்ளைங்க அதக் கேட்டுத்தானே சோறு தின்னுச்சு. என்னா மறதிலா ஒனக்கு" என்று சிரித்தான்.

இன்னும் சிலரிடம் கேட்டேன். ஒருவர் அது புற்று இல்லை, பூச்செடி மேடு என்றார். ஒருவர் அங்கே இலவ மரமே இல்லை என்றார். ஒரு பெண்மணி, செத்தவர்களைப் பற்றிப் பேசினால் பெருநாளுக்குத் தரித்திரம் என்று கதவைச் சாத்தினாள். அவளுடைய இரட்டைப் பிள்ளைகள் அங்கே இருக்கின்றன. கடைசியாகத்தான் காளியம்மாவிடம் போனேன். அவள் பின்வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"காளி, ஒனக்கு ஒரு பையன் இருந்தான்."

"ஏண்ணே, இன்னைக்கு வேற ஆளு கெடைக்கலையா?"

"தர்மேந்திரன்னு பேரு."

"பேரக்கூட ஸ்டைலா வெச்சிருக்கியே. யாரு மாதிரி இருந்தான், என்ன மாதிரியா, அவர மாதிரியா?"

"ஒன்ன மாதிரி. காது மட்டும் அவரு காது."

அவள் அந்தக் காதை நினைத்துச் சிரித்தாள். "என் வயித்துல புள்ளையே தங்கலண்ணே. மேல இருக்கறவன் குடுக்கல, நானும் கேக்கல. நல்லதாப் போச்சு. இல்லேன்னா இந்நேரம் மருமககிட்டப் பேச்சு வாங்கிட்டு இருப்பேன்." சொல்லிக்கொண்டே, உரித்த வெங்காயத்தை உரிக்காத வெங்காயத்தோடு போட்டாள். இன்னொன்றை எடுத்தாள். அது ஏற்கெனவே உரித்தது. அதை மறுபடி உரிக்க ஆரம்பித்தாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

தீபாவளிக்கு முந்தின நாள் செத்தவர்களுக்குப் படைப்பது எங்கள் வழக்கம். செத்துப்போன ஒவ்வொருவருக்கும் ஓர் இலை. அவரவருக்குப் பிடித்ததை வைக்க வேண்டும். சாமிக்கு எண்ணெய் குறைந்தாலும் பொறுத்துக்கொள்வார். செத்த மாமனார் தனக்குப் பிடித்த சுருட்டைக் காணாவிட்டால் வருஷம் முழுக்க வீட்டைப் படுத்துவார். காளியம்மா புருஷனுக்குப் பெரிய இலை போடுவாள். ஆட்டுக்கறி, அவித்த முட்டை, ஒரு கறுப்புப் பீர். அதற்குப் பக்கத்தில் ஒரு சின்ன இலை போடுவாள். இதை நான் பல வருஷமாக வேலிக்கு மேலாகப் பார்த்திருக்கிறேன். அந்த வருஷம்தான் எனக்கு உறைத்தது. வாரியம் அவள் தலையில் இருந்ததைத்தான் எடுத்தது, கையை மறந்துவிட்டது.

தக்ஷாயினிக்குப் போன் போட்டேன். வர மாட்டாள் என்று நினைத்தேன். சாயங்காலம் வேலை முடிந்து போகிற வழியில் காரை நிறுத்திவிட்டு வந்தாள். "சும்மா பார்த்திட்டுப் போறன் ஐயா, எழுத மாட்டன்" என்றாள்.

காளியம்மா சந்தோஷமாகக் கூப்பிட்டு முறுக்கு கொடுத்தாள். சாமி மேடைக்குக் கீழே இரண்டு இலைகளும் இருந்தன. சின்ன இலையில் ஒரு பிடி சோறு. அதன்மேல் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று சீனிக் கூம்புகள். தகரத்தில் விற்பார்களே, தலையில் கலர்ச் சீனி வைத்த குட்டிக் குட்டி பிஸ்கட், அதில் தலையை மட்டும் உடைத்து எடுத்து வைத்திருந்தாள்.

"இந்தச் சின்ன இலை ஆருக்கு அம்மா?"

"அதுவா, காக்காய்க்கு புவான்."

"காக்காய்க்கு வெளியிலதானே வைக்கிறது?"

"வெளிய பூனை இருக்கு."

"பிஸ்கட்டில மேல இருக்கிற சீனியை மட்டும் ஏன் வைச்சிருக்கிறீங்கள்?"

"காக்காய்க்குப் பல்லு இல்லலா."

"அப்ப மிச்சம்?"

"அது கோழிக்கு" என்று ஒரு தகரத்தைக் காட்டினாள். உள்ளே தலையில்லாத பிஸ்கட்டுகள் ஒழுங்காக அடுக்கியிருந்தன. குனோங் ராபாட்டுக்கு வந்ததிலிருந்து அவளிடம் கோழி கிடையாது.

தக்ஷாயினி இலைக்குக் கிட்டப் போகக் குனிந்தாள். காளியம்மா பேச்சை நிறுத்தாமலே நகர்ந்து, அவளுக்கும் இலைக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள். கை இரண்டும் பின்னால் விரிந்திருந்தன. அது அவளுக்குத் தெரியவில்லை. தீபாவளிக்கு மழை வருமா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்து தக்ஷாயினி காரில் சாய்ந்து நின்றாள்.

"மனசு ஓட்டையைச் சும்மா விட்டுவைக்காது ஐயா. கையில அகப்பட்டதை வைச்சு அடைக்கும். காக்காய், பூனை, கோழி, எது கிடைச்சாலும்."

"இது போதும்ல? புள்ள இருந்தான்னு தெரியுதுல?"

"எனக்குத் தெரியுது. பெட்டிக்குத் தெரியாது. ஊசி துள்ள வேணும்." கைப்பையிலிருந்து கார்ச் சாவியை எடுத்தாள். "ஒரு வழி இருக்கு. அவ கொடுத்தது கமுந்திங்கில பத்திரமா இருக்கு. திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் பாதி மட்டும் கொடுக்க ஏலாது. பிள்ளை வந்தால் போத்தலும் வரும்."

"அப்புறம் மறுபடி எடுத்துடலாமா?"

"ஒருக்காத்தான் எடுக்கலாம்."

"திருப்பிக் குடுக்கணும்னா யாரு கேக்கணும்?"

"நடந்ததைத் தெரிஞ்ச ஆள். நீங்கள்தான்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள்.

நான் அங்கேயே நின்றேன். உள்ளே காளியம்மா பாட ஆரம்பித்திருந்தாள். கேட்டால், மேடு பிழைக்கும். இவள் மறுபடி கையை விரித்துக்கொண்டு எழுந்து உட்காருவாள், சாகிறவரை. கேட்காவிட்டால், இவள் பாடுவாள். பிள்ளையின் மேல் செருப்பு அடுக்குவார்கள். பொதுவாக எனக்கு இரண்டு வழி இருந்தால் மூன்றாவதாக ஒரு பொய் வழி கண்ணில் படும். அன்றைக்கும் பட்டது.

விசாரணை நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. எல்லோருக்கும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் உண்டு என்று சொல்லியிருந்தார்கள். காளியம்மா முன்வரிசையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். உறவு சொல்ல யாராவது இருக்கிறீர்களா என்று தக்ஷாயினி மலாயிலும் தமிழிலும் கேட்டாள். நான் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். குண்டானைக் கவிழ்த்தாள்.

"யாரைச் சொல்ல வந்தீங்கள்?"

"தர்மேந்திரன்."

"உங்களுக்கு என்ன உறவு?"

"என் மகன்."

மண்டபம் சிரித்தது. "எப்ப கல்யாணம் கட்டுன, மொதலையவா?" என்று ஜெயபாலன் பின்னாலிருந்து கத்தினான். காளியம்மாவும் வாயில் சோற்றோடு சிரித்தாள். என்னை மறுத்துச் சொல்ல அங்கே ஒருவருக்கும் நினைவில்லை. பொய் சொல்கிறவனுக்கு அதைவிட நல்ல சபை கிடைக்காது. ஊசி மட்டும் அசையவில்லை.

தக்ஷாயினி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பது அவளுக்குத் தெரியும். "சொல்லுங்கோ" என்றாள்.

சொன்னேன். பிள்ளை பிறந்ததும் தாய்க்காரி என்னை விட்டுப் போய்விட்டாள் என்றேன். புல்லு மருந்தை ஆரஞ்சுப் போத்தலில் ஊற்றிக்கொண்டு வந்தது நான்தான் என்றேன். படிக்கட்டுக்குக் கீழே வைத்தேன் என்றேன். சிரிப்பு அடங்கிப்போனது. காளியம்மா பொட்டலத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். ஊசி லேசாக நடுங்கியது, அவ்வளவுதான். அது பொய்க்கு நடுங்குகிற நடுக்கம்.

பிறகு லாரியைச் சொன்னேன். அதில் பொய் சொல்ல வேண்டிய அவசியமில்லை. மண்பாதை குழியும் மேடுமாக இருந்தது. பிள்ளை என் பக்கத்தில் கிடந்தான். அழுதால் வாய் எரியும், எரிந்தால் மறுபடி அழுவான். நான் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அவன் காலைப் பிடித்திருந்தேன். கதை சொல்லு என்றான். சொன்னேன். அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டான். ஆஸ்பத்திரி வாசல் வரும்வரை சொல்லிக்கொண்டே போனேன். அப்புறம், அப்புறம் என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

"என்ன கதை ஐயா?"

"தெரியல புவான். அது மட்டும் ஞாபகமில்ல. அந்த எடத்துல ஒன்னுமே இல்ல."

ஊசி துள்ளிக் கண்ணாடியில் இடித்தது. கடைசி வரிசை வரைக்கும் சத்தம் கேட்டது. தக்ஷாயினி பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முதலையை என் தலையிலிருந்து எடுத்தவள் அவள்தான். சுவிட்சை அணைத்துவிட்டு, "இது புதைகாடு" என்றாள்.

நான் குண்டானைக் கழற்றி எழுந்தபோது காளியம்மா எனக்கு முன்னால் நின்றாள்.

"பச்சப்புள்ள கைக்கு எட்டுற எடத்துலயா வெப்ப?"

"ஆமா காளி."

"கலர்த்தண்ணி போத்தல்னு புள்ள எடுத்துக் குடிக்கும்னு தெரியாது ஒனக்கு? ஒரு தாளக் கிழிச்சி ஒட்டியிருக்கக் கூடாது? மேல, ஒசரமா வெச்சிருக்கக் கூடாது?" அவள் முகம் வேறு யாருடையதோ போல் ஆகியிருந்தது. என் நெஞ்சில் கையை மடக்கிக் குத்தினாள். வயசான கை, ஆனால் மருந்து டின்னைத் தோளில் தூக்கிய கை. "பெத்தவங்க செய்யற வேலையா இது? நீயெல்லாம் சோறு தின்னுட்டு எப்படித் தூங்குற?"

"காளி…"

"எம் பேரச் சொல்லாத."

ஜெயபாலன் வந்து அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். போகிறபோது அவனும் தரையில் துப்பிவிட்டுப் போனான்.

என் ஆயுளில் சொன்ன அத்தனை கதைகளிலும் தாமான் முழுசாக நம்பியது இது ஒன்றைத்தான். வேலிக்கு மேலே மீன் கறி வருவது நின்றது. கோப்பிக் கடையில் நான் உட்கார்ந்தால் மேசை காலியானது. சின்னப் பிள்ளைகளை என் பக்கம் விடுவதில்லை. ஜெயபாலன் அறையைக் காலி செய்யச் சொல்லவில்லை, பேசுவதை நிறுத்திக்கொண்டான். கிடங்கு எழும்பியது. இலவ மரத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, அதை விட்டுச் சுற்றிக் கட்டினார்கள். ஒருநாள் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். வேலிக்குள்ளே மேடு புல் மண்டிக் கிடந்தது. புல்லுக்கு மருந்து அடிக்க வேண்டாம், கையால் பிடுங்குங்கள் என்று காவல்காரரிடம் சொன்னேன். அவர் நேப்பாளி. தலையாட்டினார்.

காளியம்மா முன்னைப்போலவே பாடினாள். என்னைக் கண்டால் மட்டும் நிறுத்துவாள். அவள் நன்றாகத் தூங்கினாள் என்றும் சொல்ல வேண்டும். ஒரு சுவர் தள்ளித்தான் நான் படுத்திருக்கிறேன். சத்தம் வந்தால் எனக்குக் கேட்கும்.

அடுத்த தீபாவளிக்கு முந்தின நாள், மத்தியானம், என் கதவை யாரோ காலால் தட்டினார்கள். திறந்தால் அவள். கையில் பிஸ்கட் தகரம். ஒரு வருஷமாக என்னோடு பேசாதவள்.

"யோவ். ஒம் புள்ளைக்கு எல போடுவியா?"

"போடணும்."

"நீ போடக் கூடாது. வெஷம் ஊத்துன கை. நான் போடறேன். காக்காய்க்கு எப்பவும் ஒரு எல போடுவேன். இந்த வருசம் அத அவனுக்குன்னு நெனச்சிப் போட்டுட்டுப் போறேன். பாவம், தாயில்லாத புள்ள." என் முகத்தைப் பார்க்காமல் கதவு நிலையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "என்னா திம்பான், சொல்லு."

அவள் கையிலிருந்த தகரத்தைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் அவளும் அதைப் பார்ப்பாள்.

"முட்ட. அவிச்ச முட்டன்னா உசுரு" என்றேன்.

"முட்டையா? முட்ட வாசமே அவனுக்கு ஆகாது. குமட்டுவான். சீனிய நக்கிட்டு மிச்சத்தக் கோழிக்குப் போட்டுட்டு ஓடுவான், முட்டையாம்…"

நின்றுவிட்டாள். தகரத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவள் கண் என் முகத்துக்கு வந்தது. அந்தக் கண்ணை எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி நடையில் பார்த்திருக்கிறேன்.

"ஆமால்ல" என்றேன். "வயசாச்சி, எனக்கே மறந்துபோவுது. போன வருசம் மண்டபத்துல நான்தான சொன்னேன், சீனி, கோழின்னு. நீ அத ஞாபகம் வெச்சிருக்க."

அவள் கண் என் முகத்திலேயே நின்றது.

"ஆமா" என்றாள் கடைசியில். "நீதான் சொன்ன. மண்டபத்துல."

"நான்தான்."

"பெத்த புள்ள என்னா திம்பான்னுகூடத் தெரியல. நீயெல்லாம் மனுசனா?"

திரும்பி நடந்தாள். நான் மண்டபத்தில் சீனியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

சாயங்காலம் வேலியோரம் போய் நின்றேன். பின்வாசலில் உட்கார்ந்து அவள் பிஸ்கட்டுகளின் தலையை ஒவ்வொன்றாக உடைத்து எடுத்துக்கொண்டிருந்தாள். சிவப்பைத் தனியாக, பச்சையைத் தனியாக. வழக்கமாக அப்போது பாடுவாள். அன்றைக்குப் பாடவில்லை. உடைத்து முடித்ததும், மிச்சத்தை முந்தானையில் அள்ளிக்கொண்டு எழுந்து, வெறும் சிமெண்டுத் தரையில் விசிறிவிட்டு, "பா, பா, பா" என்று கூப்பிட்டாள்.

கூப்பிட்டுவிட்டு, வரும் என்று நின்றுகொண்டிருந்தாள்.